எந்த மதகடி

தேநீருக்கு நன்றி, மேடம். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்துக்கு டீ கொண்டுவருகிற ஆள் சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிடுவான். எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறாது. சின்ன விஷயம்தான். ஆனால் சின்ன விஷயத்தில் அலட்சியமாக இருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மனைவி உயிரோடு இருந்தவரை, 'கோலத்துல ஒரு புள்ளி தள்ளி விழுந்தாக்கூட ஒங்கப்பாவுக்குச் சோறு எறங்காதுடி' என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

நீங்கள் அழைத்து நான் வரவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இளவழகன் என்ற பையன் வாய்க்காலில் இறந்துபோன விஷயத்தில் என்னை இதுவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானாக வந்ததற்குக் காரணம் உங்கள் விசாரணை அறிக்கையில் உள்ள ஒரு வரி. 'ஒரே பெயரில் உள்ள இடங்களைக் கணினி பிரித்தறியாததால் ஏற்பட்ட பிழை' என்று எழுதி, கீழே ரசியா பேகம் என்று தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கரந்தநல்லூர் உட்கோட்டத்தின் குற்ற வரைபடத்தை ஆரம்பித்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டவன் நான், சிறப்பு உதவி ஆய்வாளர் துரைராசு. அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கணினி ஒரு பிழையும் செய்யவில்லை, மேடம்.

நீங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் என்று கேள்விப்பட்டேன். அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், பெரிய வாய்க்காலிலிருந்து சின்ன வாய்க்காலுக்கும் தண்ணீரைத் திருப்புகிற இடத்திலெல்லாம் மதகு இருக்கும். இரும்புப் பலகையை ஏற்றினால் தண்ணீர் பாயும், இறக்கினால் நிற்கும். அதை ஒட்டிய இடத்துக்கு மதகடி என்று பெயர். ஊருக்கு ஒரு மதகடியாவது உண்டு. ஆனால் எந்த ஊர்க்காரனும் ஊர்ப்பேரைச் சேர்த்துச் சொல்லமாட்டான். அவனவனுக்கு அவனவன் ஊர் மதகடிதான் மதகடி. உலகத்தில் இன்னொன்று இருப்பதாக நினைப்பே இருக்காது.

புகார் கொடுக்க வருகிறவரும் அப்படித்தான் சொல்வார். 'மதகடி கொல்லையில கெடந்த மோட்டாரைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க சார்' என்பார். எழுதுகிற காவலரும் உள்ளூர் ஆள், 'மதகடி அருகில்' என்று எழுதி முடித்துவிடுவார். புகார்காரர் ஓர் ஊரில் குடியிருப்பார், நிலம் இன்னோர் ஊரில் இருக்கும். முன்பெல்லாம் இதனால் யாருக்கும் குடி முழுகிப்போனதில்லை. ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

பிறகு கணினி வந்தது. ஒவ்வொரு வழக்குக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வீட்டுத் திருட்டுக்கு ஒரு நிறம், வண்டித் திருட்டுக்கு ஒரு நிறம், வயலில் போகிற மோட்டாருக்கும் செம்புக் கம்பிக்கும் மஞ்சள். புள்ளிகள் நெருங்கி விழுந்தால் கணினி அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் போடும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்கள் டிஎஸ்பி ராஜ்குமார் ஐயா அதைத் திரையில் பார்ப்பார். வட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே ரோந்து ஜீப் போகும். ஆளும் வண்டியும் குறைவாக இருக்கிற உட்கோட்டத்தில் இது பெரிய உபகாரம். நான் முதலில் நம்பவில்லை. வட்டத்தை வைத்து ஒரு பைக் திருட்டுக் கும்பலைப் பேருந்து நிலையத்திலேயே கையும் களவுமாகப் பிடித்த பிறகு நம்பினேன்.

சம்பவ இடத்துக்கு நேரில் போய்ப் போனில் இடத்தைக் குறித்து அனுப்புவது ரோந்துக் காவலர்கள் வேலை. முதல் மாதம் பார்த்தால், உட்கோட்டத்தில் பாதிக் குற்றங்கள் டீக்கடைகளில் நடந்திருந்தன. துரைமார்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி அனுப்பியிருக்கிறார்கள். ராஜ்குமார் ஐயா தலையில் அடித்துக்கொண்டார். 'துரைராசு, ஒங்களுக்குத் தெரியாத வாய்க்கால் இந்தப் பக்கத்துல கெடையாது. இனிமே யாரு என்ன அனுப்புனாலும் நீங்க பாத்து எடத்தச் சரியா வச்சிடுங்க' என்றார். அன்றிலிருந்து என் கை படாமல் ஒரு புள்ளி விழாது. பணி ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று உங்களுக்குப் புரியும்.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் குந்தவை. எனக்கு ஒரே பிள்ளை. விவசாயக் கல்லூரியில் படித்தவள், கும்பகோணத்தில் விதைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு இட்லி எடுத்துவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

'அப்பா, ஒங்ககிட்ட மறைக்கப் பிடிக்கல. நானும் தெற்குத்தெரு இளவழகனும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்' என்றாள். கல்லூரியில் சேர்ந்து படித்தவனாம். 'அக்ரி ஆபீசர் பரீட்சையில செலக்ட் ஆயிட்டாருப்பா. போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும்தான் பாக்கி. ஆர்டர் வந்ததும் சொல்லலாம்னு இருந்தோம். நீங்க வேற யாரு வாயாலயோ கேக்கக் கூடாதுல்ல.'

எங்கள் ஆவிடைநல்லூரில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பது தெற்குத்தெரு. யார் இருக்கிற தெரு என்று சொல்லவேண்டியதில்லை, எல்லா ஊரிலும் அப்படி ஒரு தெரு இருக்கிறது. நான் அதெல்லாம் பார்க்கிறவன் இல்லை, மேடம். அவன் அம்மா மலர்க்கொடி எங்கள் வயலில் நடவு நட்டவள்தான். எத்தனையோ நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள். கொல்லைப் பக்கம் வேப்பமர நிழலில் உட்காரவைத்து என் மனைவி வயிறாரச் சோறு போடுவாள். அந்தப் பையனைப் பற்றியும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பீடி, சிகரெட் கிடையாது. எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வான்.

நான் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னேன்: 'சரிம்மா. ஆர்டர் வரட்டும்.'

அவள் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், கத்துவேன், கதவைச் சாத்துவேன் என்றெல்லாம் பயந்திருக்கிறாள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஆர்டர் வரட்டும் என்று சொன்னேன், அந்த வார்த்தையில் இன்றுவரை நிற்கிறேன். ஆர்டர் வரவில்லை.

நீங்கள் நினைப்பது போல நான் அன்றே திட்டம் போடவில்லை. முதல் புள்ளி தவறுதலாகத்தான் விழுந்தது. வேளாங்குறிச்சியில் நிலம் வைத்திருக்கிற ஒருவரின் மோட்டார் திருட்டு. முதல் தகவல் அறிக்கையில் 'மதகடி அருகில்' என்று இருந்தது. யோசிக்காமல் எங்கள் ஊர் மதகடியில் புள்ளியை வைத்துவிட்டேன். ஊரெல்லாம் செய்கிற தப்பு என்று சிரித்துக்கொண்டிருந்தேனே, அதை நானே செய்தேன். எனக்கும் மதகடி என்றால் எங்கள் ஊர் மதகடிதான் போலிருக்கிறது. அது தெற்குத்தெருவின் முனையில் இருக்கிறது.

வேளாங்குறிச்சிக்காரர் வேறு வேலையாக வந்தபோது பேச்சுவாக்கில் எனக்குத் தப்பு தெரிந்தது. திருத்துவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் வந்து திருத்தலாம் என்று கிளம்பினேன். போகிற வழியில் எங்கள் மதகடியில் ரோந்து ஜீப் நின்றது. தெற்குத்தெருப் பையன்கள் சாயங்காலமானால் மதகுக் கட்டையில் உட்கார்ந்து கதை பேசுவார்கள், காலங்காலமாக நடப்பதுதான். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கைகட்டி நின்று பெயர், அப்பா பெயர், வண்டி நம்பர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இளவழகனும் நின்றான். நான் ஸ்கூட்டரை மெதுவாக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். காலையில் அலுவலகம் வந்து அந்தப் புள்ளியைத் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு விழுந்தவை தவறுதலாக விழவில்லை. அதையும் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், கணினி மேல் பழி போகக் கூடாது. அந்தக் கோடையில் வேளாங்குறிச்சிப் பக்கம் ஒரு கும்பல் இறங்கியிருந்தது. மோட்டார், செம்புக் கம்பி, கரண்ட் ஒயர் என்று எதையும் விடவில்லை. அங்கேயும் மதகு, அங்கேயும் 'மதகடி அருகில்'. ஒவ்வொன்றையும் எடுத்து எங்கள் மதகடியைச் சுற்றி வைத்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் சந்தேகம் வரும். உண்மையான வயல்களில் விழுந்த மாதிரி, இங்கே ஒன்று, வரப்புக்கு அந்தப் பக்கம் ஒன்று என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். நல்ல வேலைப்பாடு, நீங்களே பார்த்திருக்கிறீர்கள். உங்கள் நிபுணர்களுக்கே அது கணினி செய்ததாகத்தான் தெரிந்திருக்கிறது.

சீக்கிரமே இன்னொன்றைக் கவனித்தேன். நான் புள்ளி வைக்காவிட்டாலும் புள்ளி விழ ஆரம்பித்தது. புள்ளி இருக்கிற இடத்துக்கு ஜீப் போகும். ஜீப் போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது, மேலே பதில் சொல்லவேண்டும். லைசென்ஸ் இல்லாதவன், சந்தேகத்துக்கிடமாக நின்றவன், கேள்வி கேட்டால் முறைத்தவன் என்று வழக்கு எழுதுவார்கள். அந்த வழக்குக்கும் புள்ளி உண்டு. அந்தப் புள்ளியால் வட்டம் பெரிதாகும், அடுத்த வாரம் ஜீப் இன்னும் அதிகமாகப் போகும். மாடு செக்கைச் சுற்றுவது போலத் தானாகச் சுற்றியது. எங்கள் தெருவிலும் பையன்கள் கூட்டமாக நிற்கிறார்கள், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறார்கள். ஆனால் எங்கள் தெருவில் புள்ளி இல்லை, அதனால் ஜீப் வராது. ஜீப் வராததால் புள்ளி விழவில்லை. 'நம்ம தெரு எவ்வளவு சுத்தம் பாருய்யா' என்று எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெருமைப்பட்டார்.

அப்படி ஒரு சாயங்காலம் இளவழகன் மேலும் வழக்கு விழுந்தது. விசாரிக்க வந்த காவலரைப் பணி செய்யவிடாமல் தடுத்தான் என்று. உண்மையில், தெருப் பையன் ஒருவனை ஜீப்பில் ஏற்றியபோது 'எதுக்கு சார்?' என்று கேட்டிருக்கிறான். ஆவிடைநல்லூர் நிலையத்து உதவி ஆய்வாளர் வளவன்தான் எழுதினார். வளவன் நல்ல பிள்ளை, பதவியில் பெரியவரானாலும் என் வயதுக்காக என்னை சார் என்பார், ஆனால் மூக்குக்கு மேலே கோபம் வரும். அந்த வழக்கின் புள்ளியை நான்தான் வைத்தேன், சரியான இடத்தில். அன்றோடு என் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். வழக்கு நிலுவையில் இருந்தால் அரசு வேலைக்கு ஆர்டர் வராது. ஆர்டர் வராவிட்டால் கல்யாணப் பேச்சு வராது. யாருக்கும் ஒரு கீறல் விழாமல், காதும் காதும் வைத்தாற்போல முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. அவன்தான் விடவில்லை.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம். எல்லா வாய்க்காலிலும் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் கூட்டத்துக்கு நான் வரைபடத்தைத் தயார்செய்துகொண்டிருந்தேன். அலுவலகத்தில் வேறு யாருமில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இளவழகன் உள்ளே வந்தான்.

'வணக்கம் சார். ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்.'

உட்காரச் சொன்னேன். டீக்காரனுக்குப் போன் போட்டேன். எங்களுக்குக் கண்ணாடி டம்ளரில் வரும், அவனுக்குப் பேப்பர் கப்பில் கொண்டுவரச் சொன்னேன். சுகாதாரம்தானே, மேடம். அவன் கப்பைப் பார்த்தான், என் டம்ளரைப் பார்த்தான், குடித்தான். திரையில் வரைபடம் திறந்திருந்தது. மூடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் கை போகவில்லை.

அவன் எழுந்து பக்கத்தில் வந்தான். 'எங்க தெருவே தெரியல சார். செவப்புல முழுகிப்போச்சு' என்றான். பிறகு மஞ்சள் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொடாமல் காட்டினான். 'இது வேளாங்குறிச்சி மதகடி சார், இங்க இல்ல. இதுவும் அங்கதான். நான் மோட்டார் பறிகொடுத்தவங்க ஒருத்தரு விடாம நேர்ல போயிக் கேட்டேன். எல்லாரும் அவங்க ஊரு மதகடியத்தான் சொல்றாங்க. எந்த மதகடின்னு இங்க யாருமே கேக்கலையா சார்?'

அத்தனை நாளில் ராஜ்குமார் ஐயா கேட்காத கேள்வி அது. வளவன் கேட்காத கேள்வி. எனக்கு மேலே இருந்த ஒருவரும் கேட்கவில்லை.

'ஒங்களச் சொல்லல சார்' என்றான் அவன் அவசரமாக. 'நீங்க நம்ம ஊரு. ஒங்களுக்கு ரெண்டு மதகடியும் தெரியும். டிஎஸ்பி ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்த வாரம் வெரிஃபிகேஷன் வருது சார். இந்தக் கேஸ் நின்னுச்சுன்னா வேல போயிடும். எங்க தெருவுலேருந்து மொத ஆபீசர் சார் நான். நான் மட்டுமில்ல, தெருவுல பரீட்சை எழுதுற பயலுவ எல்லாம் பயந்துபோயிக் கெடக்குறானுவ.'

என்னை மாமா என்று கூப்பிடவில்லை. குந்தவை பெயரை எடுக்கவில்லை. அந்த நாகரிகம் அவனுக்கு இருந்தது. நாளைக் காலையில் எழுதிக் கொண்டுவந்து டிஎஸ்பியிடமே கொடுக்கப்போவதாகவும், அதற்கு முன்னால் என்னிடம் சொல்வதுதான் முறை என்று வந்ததாகவும் சொன்னான்.

'பாக்குறேன் தம்பி' என்றேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். காலிக் கப்பை வெளியே கொண்டுபோய்க் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத்தான் போனான்.

அவன் வண்டிச் சத்தம் அடங்கியதும் வளவனுக்குப் போன் செய்தேன். என்ன பேசினேன் என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்கிறேன், எனக்கு ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது. 'வளவன், ஒரு சின்ன விஷயம். தெற்குத்தெருப் பையன் ஒருத்தன் இப்ப இங்க வந்துட்டுப் போறான். எந்த மோட்டார் எந்த மதகடியில போச்சுன்னு ஒண்ணு விடாம சொல்றான். நம்மகிட்ட இல்லாத தகவல் எல்லாம் அவன்கிட்ட இருக்கு. எப்படி இருக்குதுன்னு எனக்குப் புரியல. நாளைக்குக் காலையில கெளம்பி இங்க வருவான் போலிருக்கு.'

'பேரு சார்?' என்றார். சொன்னேன்.

இதில் ஒரு சொல் பொய் இல்லை, மேடம். எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன். எப்படி என்று எனக்குப் புரியவில்லை என்றது மட்டும் கொஞ்சம் கூடுதல்.

மறுநாள் நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நிலையத்தில் கேமரா இருப்பதால் வளவன் அவனை மதகடியில் வைத்தே விசாரித்திருக்கிறார். அவன் தானாக வாய்க்காலில் குதித்தான் என்று வளவன் சொல்கிறார். தெற்குத்தெருவில் பிறந்தவனுக்கு நீந்தத் தெரியாமல் இருக்காது. இரண்டு கை எலும்புகளும் தண்ணீரில் விழுவதற்கு முன்பே உடைந்திருந்தன என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். கடைசிவரை அவன் 'எந்த மதகடி, எந்த மதகடின்னு கேளுங்க சார்' என்றே சொல்லிக்கொண்டிருந்ததாக ஒரு காவலர் சாட்சி சொல்லியிருக்கிறார். தண்ணீர் அவனை இழுத்துக்கொண்டுபோய் அடுத்த மதகுப் பலகையில் சேர்த்தது.

அந்த வழக்கு என் மேசைக்கு வந்தது. சம்பவ இடம், மதகடி அருகில். நான் புள்ளி வைத்தேன், ஒரு இம்மி பிசகாமல்.

குந்தவை அன்று வேலைக்குப் போகவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். 'அப்பா, அவரு நேத்து ஒங்களப் பாக்க வந்தாரா?' என்றாள்.

'வந்தான்மா. டீ வாங்கிக் குடுத்தேன்.'

வேறு எதுவும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கட்டிய துணியோடு வாய்க்காலைத் தாண்டி மலர்க்கொடி வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றுவரை திரும்பவில்லை. ஊரில் என் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டாள் என்கிறார்கள். நான் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. பெற்றவனுக்குப் பொறுமை வேண்டும்.

மலர்க்கொடி ஒரு தடவை அலுவலகத்துக்கு வந்தாள். சத்தம் போடுவாள் என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் என்னைப் பார்த்து, 'அய்யா, எம்புள்ள செத்த எடத்த இதுல போட்டு வச்சிருக்கீங்களாமே. காட்டுங்க' என்றாள். ராஜ்குமார் ஐயா தலையசைத்தார், நான் திறந்து காட்டினேன். அவ்வளவு பெரிய திரையில் அது கடுகு அளவு. 'இவ்வளவுதாங்களா?' என்று கேட்டாள். கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள். அவள் போன பிறகு திரையில் விரல் பட்ட தடம் இருந்தது, நான் துணியை எடுத்துத் துடைத்தேன்.

அதற்கப்புறம் வேளாங்குறிச்சிக் கும்பல் சீர்காழிப் பக்கம் கம்பியை விற்கப்போய் மாட்டியது. வெளியூர்க்காரர்கள். எங்கெங்கே எடுத்தோம் என்று வயல் வயலாகக் காட்டினார்கள். ஒரு வயல்கூட ஆவிடைநல்லூரில் இல்லை. அதற்குப் பிறகுதானே நீங்கள் விசாரித்து அந்த வரியை எழுதினீர்கள். ராஜ்குமார் ஐயா வரைபடத்தையே நிறுத்திவைத்துவிட்டார். என் நாற்காலியில் இப்போது யாருமில்லை. ஒரு கருவிக்கு இப்படிக் கெட்ட பெயர் வருவதை என்னால் தாங்க முடியவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் காட்டியது, அவ்வளவுதான் அது செய்தது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. குந்தவை கேட்காததால் நான் அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை, ஆனால் வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்கவேண்டும்.

அந்தத் திங்கட்கிழமைக் காலை நான் மதகடி வழியாகத்தான் வந்தேன். வேறு வழி கிடையாது. ஜீப் நின்றது. இரண்டு காவலர்கள், வளவன், நடுவில் இளவழகன் முட்டிபோட்டிருந்தான். கைகள் இரண்டையும் முன்னால் நீட்டியபடி வைத்திருந்தான், எதையோ வாங்கிக்கொள்வது போல. அவை மடங்கவில்லை. என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, மேடம். 'சார் வந்துட்டாரு. சாரக் கேளுங்க, சாருக்குத் தெரியும்' என்றான். வளவனும் திரும்பி என்னைப் பார்த்தார். லத்தியை இறக்கிவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.

எனக்குத் தெரியும்தான். ஒரே ஒரு ஊர்ப்பெயர் சொன்னால் போதும். வண்டியைக்கூட நிறுத்தவேண்டாம்.

அன்று கூட்டம் இருந்தது. எனக்கு நேரமாகிவிட்டது. நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன். அதை வளவன் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அவருக்குத்தான் தெரியும். பாலத்தைத் தாண்டும்போது பின்னால் தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். அன்று ராஜ்குமார் ஐயா எல்லோர் முன்னாலும் என் வரைபடத்தைப் பாராட்டினார்.

எழுதி முடித்துவிட்டால் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்காக நான் எதுவும் கேட்கமாட்டேன். மகளுக்காக ஒன்றே ஒன்று. தெற்குத்தெரு ரோந்தை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து மறுபடி போடச் சொல்லுங்கள். வயதுப்பெண் அங்கே தனியாக இருக்கிறாள், அது ரொம்ப மோசமான இடம், மேடம். நம்பிக்கை இல்லையென்றால் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.